பழைய டிராக்டரில் சார்ஜ் ஏறவில்லை: டைனமோவைச் சரிசெய்வதா, ஆல்டர்னேட்டருக்கு மாறுவதா, சார்ஜரோடு நிறுத்திக்கொள்வதா?

1980களில் வாங்கிய டிராக்டர்கள் பல இன்றும் தென்னந்தோப்புகளில் உழவுக்கும் மட்டை இழுக்கவும் பயன்பட்டுக்கொண்டிருக்கின்றன. சென்னையில் 1960இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் மாசி பெர்குசன் 1035 போன்ற வண்டிகளில், இன்ஜின் வேலையை ஒருமுறை ஒழுங்காகப் பார்த்துவிட்டால் பிறகு பல ஆண்டுகளுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. மின்சாரப் பக்கம்தான் முதலில் தளர்கிறது. காலையில் செல்ஃப் எடுக்காது. பேட்டரியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு வந்தால் இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் பழையபடி ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டியிருக்கும். அப்போது ஒருவர், இன்ஜின் ஓடும்போது சுழன்று பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவைக் கழற்றிக் காயில் கட்டச் சொல்வார், இன்னொருவர் டைனமோவைத் தூக்கிப்போட்டுவிட்டு, அதே வேலையை வேறு விதமாகச் செய்யும் ஆல்டர்னேட்டர் மாட்டச் சொல்வார், மூன்றாமவர் இரண்டும் வேண்டாம், வீட்டில் ஒரு சார்ஜர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பார். மூன்றுமே ஏதோ ஒரு வண்டிக்குச் சரியான யோசனைதான். உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்பதை முடிவு செய்வது டைனமோவின் வயதன்று. பொழுது சாய்ந்த பிறகு அந்த வண்டி எத்தனை ஆம்பியர் செலவழிக்கிறது என்பதுதான். இந்தக் கணக்கைப் போடாமல் கடைக்குப் போகிறவர்கள், தேவையில்லாததை வாங்கி வருவதையோ தேவையானதை விட்டுவிட்டு வருவதையோ அடிக்கடி பார்க்கிறேன்.

கணக்கு எளிமையானது. டீசல் இன்ஜின் ஓடுவதற்கு மின்சாரம் தேவையில்லை. காற்று அழுத்தப்பட்டு ஏறும் சூட்டிலேயே டீசல் எரிகிறது. நிறுத்துவதற்கும் இந்தப் பழைய வண்டிகளில் ஒரு குமிழை இழுத்தால் போதும். ஆகவே பேட்டரி செய்ய வேண்டிய வேலைகள் இரண்டே: செல்ஃப் மோட்டாரைச் சுற்றுவது, விளக்குகளை எரிப்பது. செல்ஃப் மோட்டார் சுமார் 300 ஆம்பியர் இழுக்கிறது, ஐந்து விநாடியில் இன்ஜின் பிடித்துவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு ஸ்டார்ட்டுக்கு ஆகும் செலவு அரை ஆம்பியர் மணியைக்கூடத் தொடுவதில்லை (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர் மணி). பார்ப்பதற்குப் பெரிய இழுவையாக இருந்தாலும் நேரம் குறைவு என்பதால் மொத்தச் செலவு சிறியது. ஒரு நாளில் பத்து முறை அணைத்து எடுத்தாலும் நான்கு ஆம்பியர் மணிதான். 80 ஆம்பியர் மணி பேட்டரிக்கு அது ஒரு பொருட்டேயல்ல.

விளக்குகள் இதற்கு நேர்மாறானவை. 45 வாட் பல்பு இரண்டு முன்னால் எரிந்தால் ஏழரை ஆம்பியர். பின்னால் கலப்பையைப் பார்க்க 35 வாட் விளக்கு ஒன்று எரிந்தால் இன்னும் மூன்று. வால் விளக்குகளுக்கும் மீட்டர் விளக்குக்கும் ஒன்று. ஆகமொத்தம் பதினொன்றரை ஆம்பியர் மணிக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கிறது. பழைய டிராக்டர்களில் வந்த லூகாஸ் நிறுவனத்தின் சி40ஏ வகை டைனமோ, முழு வேகத்தில், நல்ல நிலையில் இருந்தாலே 11 ஆம்பியர்தான் தரும். அதே குடும்பத்தின் பெரிய டைனமோ 22 ஆம்பியர் வரை தரும். உங்கள் வண்டியில் இருப்பது எது என்பதை அதன் உடலில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். சின்ன டைனமோவோடு இரவு உழவு ஓட்டும் வண்டியில் எந்தப் பழுதும் இல்லாமலேயே பேட்டரி இறங்கும். அதைப் பழுது என்று நினைத்து எத்தனை முறை காயில் கட்டினாலும் பலன் இராது.

எதை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன் கோளாறு எங்கே என்று தெரிந்தாக வேண்டும். இதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். முதலில் பேட்டரி: இரவு முழுதும் சும்மா இருந்த பேட்டரியில் காலையில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜில் இருக்கிறது; 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் காலி. வெளியே எடுத்து முழுச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி, எதுவும் மாட்டாமல் இருக்கும்போதே ஓரிரு நாளில் 12.2க்கு இறங்கிவிட்டால் குற்றம் பேட்டரியினுடையது. டைனமோவைத் தொட வேண்டாம். ஹைட்ரோமீட்டர் (பேட்டரி அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) வைத்திருப்பவர் ஆறு செல்லையும் பார்த்து, ஐந்து ஏறக்குறைய ஒன்றாக இருக்க ஒன்று மட்டும் கீழே கிடந்தால், அதே முடிவுக்கு வரலாம். செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆன பேட்டரியை மாற்றாமல் ஓட்டுவது, டைனமோவை ஓயாமல் முழுச் சுமையில் வைத்து எரிப்பதில்தான் போய் முடியும்.

அடுத்தது பெல்ட். இரண்டு புல்லிகளுக்கு நடுவே நீளமான பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவுக்கு உள்வாங்க வேண்டும். அதைவிடத் தளர்ந்தால் சுமை ஏறும்போது நழுவும். கம்பிபோல் விறைத்து நின்றால் டைனமோவின் பேரிங்கோடு வாட்டர் பம்ப் பேரிங்கும் சேர்ந்து தேயும். பெல்ட்டின் உட்புறம் கண்ணாடி போல் பளபளத்தால் அது நழுவிக்கொண்டிருந்ததற்கு அடையாளம். இறுக்கிப் பயனில்லை, மாற்ற வேண்டும். பிறகு எர்த், அதாவது பேட்டரியின் ஒரு முனையை வண்டியின் உடலோடு சேர்க்கும் இணைப்பு. செல்ஃப் சுற்றும்போது பேட்டரியின் எர்த் முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் நடுவே மீட்டரை வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையின் அடியில் துருவோ பெயின்ட்டோ இருக்கிறது. வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்த பிறகு சார்ஜ் ஏறாமல் போனது என்று யாராவது சொன்னால், நான் முதலில் தேடுவது இதைத்தான். தோப்பில் நிறுத்தும் வண்டியில் அணிலும் எலியும் ஒயரைக் கடித்திருக்கின்றனவா என்று டேஷ்போர்டுக்கு அடியிலும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

இவை எல்லாம் சரியாக இருந்து, இன்ஜினை நடுத்தர வேகத்தில் ஓட்டும்போது பேட்டரி முனைகளில் 13.8க்கும் 14.4க்கும் இடையே ஏறவில்லை என்றால், குற்றம் டைனமோவிலா, அதைப் பேட்டரியோடு இணைத்தும் துண்டித்தும் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் கட்டவுட் பெட்டியிலா என்று பிரிக்க வேண்டும். இது மிக முக்கியமான சோதனை, செலவில்லாதது, ஆனாலும் பெரும்பாலும் செய்யப்படாமல் போவது. லூகாஸ் வகை டைனமோவின் பின்புறம் இரண்டு முனைகள் இருக்கும்: பெரியது டி, சிறியது எஃப். இரண்டிலும் உள்ள ஒயர்களைக் கழற்றிவிட்டு, ஒரு சிறு ஒயர்த் துண்டால் இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து, அந்தச் சேர்ப்புக்கும் டைனமோ உடலுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். இன்ஜினை ஐடிலில் எடுத்து மெல்ல மெல்ல வேகம் கூட்டினால், வோல்ட் தயங்காமல், குதிக்காமல் ஏற வேண்டும். 20 வோல்ட்டைத் தாண்ட விடாதீர்கள். வேகத்தைக் கூட்டி மிரட்டவும் கூடாது, ஏனெனில் இந்நிலையில் அதைக் கட்டுப்படுத்த எதுவும் இல்லை. நன்றாக ஏறினால் டைனமோ நலம். கோளாறு கட்டவுட்டிலோ இடைப்பட்ட ஒயரிலோ இருக்கிறது. மீட்டர் அசையவே இல்லையென்றால் கார்பன் பிரஷ்ஷைப் பார்க்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று நின்றுவிட்டால் பீல்டு காயில் (காந்தத்தை உண்டாக்கும் அசையாத காயில்) மீது சந்தேகம் கொள்ளலாம். நான்கைந்து வோல்ட் வரை ஏறி அங்கேயே தங்கினால் உள்ளே சுழலும் பகுதியான ஆர்மேச்சர் போயிருக்க வாய்ப்பு அதிகம். சோதனை முடிவில் கிடைக்கும் இந்த ஒரு எண், பட்டறையில் உங்களிடம் என்ன சொல்லப்பட்டாலும் அதை எடைபோட உதவும்.

டைனமோவைச் சரிசெய்யும் வழி

டைனமோவில் மின்சாரம் பிறப்பது சுழலும் ஆர்மேச்சரில். அங்கே பிறந்த மின்சாரம் முழுவதும் கம்யூட்டேட்டரின் செப்புப் பட்டைகள் வழியாக, இரண்டு கார்பன் துண்டுகளைக் கடந்துதான் வெளியே வர வேண்டும். ஆகவே தேய்வதும் சூடாவதும் அந்த இடத்தில்தான். பின் மூடியைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் இப்படி இருக்கும்: உள்ளே எங்கும் கருப்புத் தூள் படிந்து, அதில் மண்ணும் எண்ணெயும் சேர்ந்து பசையாகியிருக்கும், ஒரு கார்பன் அதன் கூட்டுக்குள் சிக்கிக்கொண்டு, ஸ்பிரிங் அழுத்தியும் கீழே இறங்காமல், கம்யூட்டேட்டரைத் தொடாமல் நிற்கும். கார்பனை வெளியே எடுத்துப் பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்து, கூடு வழுவழுப்பாகும்வரை சுத்தம் செய்து மறுபடி மாட்டினால் அது தன் எடையிலேயே வழுக்கி இறங்கும். பல டைனமோக்கள் இவ்வளவிலேயே பிழைத்துக்கொள்கின்றன. கார்பன் மிகவும் குட்டையாகிவிட்டால் மாற்ற வேண்டும். மாற்றும்போது கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்பப் புதிய கார்பனின் முகத்தை நயமான கண்ணாடித் தாளால் தேய்த்துப் படியவைக்க வேண்டும். உப்புத்தாள் என்று கருப்பு எமரித் தாளை எடுத்துத் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். எமரியின் துகள் மின்சாரத்தைக் கடத்தும். செப்புப் பட்டைகளுக்கு நடுவே அது தங்கினால் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகும்.

கம்யூட்டேட்டரில் பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்து லேசாகக் கடைய வேண்டும். கடைந்த பிறகு பட்டைகளுக்கு இடையே உள்ள மைக்காவைச் செப்பின் மட்டத்துக்குக் கீழே சுமார் 0.8 மில்லிமீட்டர் இறக்கிவிட வேண்டும்; பட்டறைகளில் உடைந்த ஆக்சா பிளேடைத் தேய்த்து அதற்கென்றே வைத்திருப்பார்கள். இந்த வேலையைச் செய்யாமல் விட்டால், செப்பு தேயும் வேகத்தில் மைக்கா தேயாது என்பதால், கொஞ்ச நாளில் கார்பன் மைக்காவின் மேல் துள்ளித் தீப்பொறி பறக்கும். பின் மூடியில் உள்ள வெண்கலப் புஷ் தேய்ந்து தண்டு ஆடினால் அதையும் இதே நேரத்தில் மாற்றுவதுதான் முறை. புதுப் புஷ்ஷை ஒரு நாள் முழுதும் இன்ஜின் ஆயிலில் ஊறப்போட்டு அடிக்க வேண்டும். பின்புறத் துளையில் எப்போதாவது இரண்டு மூன்று சொட்டு ஆயில் விடுவது போதும். அன்போடு அதிகம் ஊற்றினால் அது கார்பனுக்குத்தான் போய்ச் சேரும்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். திறந்த டைனமோவின் உட்சுவரில் வெள்ளையாக ஈயத் துளிகள் தெறித்திருந்தால், அளவுமீறிய சூட்டில் ஆர்மேச்சரின் பற்றவைப்பு உருகி வீசப்பட்டிருக்கிறது என்று பொருள். அதற்கு ஆர்மேச்சரைப் புதிதாகக் கட்ட வேண்டும். நன்றாகக் கட்டத் தெரிந்தவர்கள் கோவை, ஈரோடு போன்ற ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள் என்றாலும் ஆண்டுக்காண்டு குறைந்துவருகிறார்கள். கட்டு வேலை சுமாராக இருந்தால், மேட்டில் ஏறும்போது இன்ஜின் வேகம் கூடும் நேரத்தில் கம்பி மேலெழும்பி உரசி, மொத்தமும் போய்விடும். என் கருத்தில் டைனமோவைக் காப்பாற்றும் வழிக்கு எல்லை இதுதான்: கார்பன், கம்யூட்டேட்டர், புஷ், ஏன் பீல்டு காயில் வரைக்கும்கூடச் சரிசெய்வது நியாயம், ஆர்மேச்சர் போய்விட்டால், நம்பிக்கையான கைகள் அருகில் இல்லாதவர் ஆல்டர்னேட்டரைப் பற்றி யோசிக்கத் தொடங்கலாம்.

சரிசெய்து மாட்டிய டைனமோ நல்ல நிலையில் இருந்தும் சார்ஜ் தராமல் போவதுண்டு. இரும்பில் மிச்சமிருக்க வேண்டிய காந்தம் தட்டியதிலும் கழற்றியதிலும் இழக்கப்பட்டிருக்கும். எஃப் முனையில் ஒயரை மாட்டுவதற்கு முன், பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு ஒயரைக் கொண்டுவந்து எஃப் முனையில் ஓரிரு விநாடி தொட்டெடுத்தால் காந்தம் திரும்பிவிடும். இது லூகாஸ் முறைக்கு மட்டுமே பொருந்தும். அமெரிக்க டெல்கோ வகைகளில் பீல்டு காயில் கட்டவுட் வழியாக எர்த் ஆவதால் அங்கே செய்முறை வேறு.

கட்டவுட்டுக்கு இவ்வளவு வேலை இல்லை. பெட்டியின் மூடியைத் திறந்தால் இரண்டு காயில்கள் தெரியும். ஒன்று, டைனமோவின் வோல்ட் 13ஐ ஒட்டி ஏறியதும் பேட்டரியோடு இணைப்பது, இறங்கியதும் துண்டிப்பது; மற்றொன்று, வோல்ட் மிஞ்சிப் போகாமல் பீல்டைத் தட்டித்தட்டிக் கட்டுப்படுத்துவது. ஐடிலிலிருந்து வேகத்தைக் கூட்டும்போது முதல் காயிலின் தகடு டக்கென்று கீழே ஒட்டுவதையும் அதே நொடியில் ஆம்பியர் மீட்டரின் முள் வலப்பக்கம் சாய்வதையும் கண்ணால் பார்க்கலாம். ஒட்டியும் முள் அசையவில்லையென்றால் தொடுமுனைகள் கருகியிருக்கின்றன; பேட்டரியைக் கழற்றிவிட்டு அவற்றைத் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகும். ஸ்பிரிங் திருகாணியைத் தெரியாமல் திருப்பிவிடாதீர்கள். பேட்டரி இணைப்பு இல்லாமல் அளந்தால் இந்தப் பெட்டி சுமார் 16 வோல்ட் காட்டுவது இயல்பு. பேட்டரி சேர்ந்ததும் தானாக இறங்கும். அந்த 16ஐப் பார்த்து மிரண்டு போய்க் குறைத்துவைத்ததால், பிறகு என்றைக்குமே பேட்டரி நிறையாமல் போன வண்டிகள் உண்டு. பெட்டி மொத்தமும் கெட்டிருந்தால், டைனமோவை அப்படியே வைத்துக்கொண்டு எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் ஒன்றை மாட்டுவதும் ஒரு வழி. தொடுமுனை கருகும் தொல்லை அதில் கிடையாது. ஆனால் டைனமோவின் ஆம்பியர் எல்லைக்குப் பொருத்தமானதா, எர்த் முனை ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஆல்டர்னேட்டருக்கு மாறும் வழி

ஆல்டர்னேட்டரில் ஏற்பாடு தலைகீழ். மின்சாரம் பிறப்பது அசையாத வெளிக் காயிலில். சுழலும் பகுதிக்குக் காந்தமேற்ற இரண்டு மூன்று ஆம்பியர் போனால் போதும். கார்பன் வழியாகச் செல்வது அந்தச் சிறு மின்சாரம் மட்டுமே என்பதால் அது பல மடங்கு நாள் வரும். உள்ளே இருக்கும் டயோடுகள் மின்சாரம் திரும்பி ஓடுவதைத் தடுப்பதால் தனியாகக் கட்டவுட் தேவையில்லை. ரெகுலேட்டரும் உள்ளேயே அடங்கிவிடுகிறது. நம் ஊர் டிராக்டர்களுக்கு வரும் 36 ஆம்பியர் ஆல்டர்னேட்டர், மேலே போட்ட விளக்குக் கணக்கைப் போல மூன்று மடங்கைத் தாங்கும். பழைய உதிரிபாகச் சந்தைகளில் இரண்டாம் கையாகவும் கிடைக்கும். இருப்பினும் சுற்றிப் பார்த்து, பேரிங் சத்தம் கேட்டு, வண்டியில் மாட்டி வோல்ட் பார்த்துவிட்டு மட்டுமே காசு கொடுக்க வேண்டும்.

குறைந்த வேகத்திலேயே நிறையத் தருகிறது என்பதைத்தான் ஆல்டர்னேட்டரின் பெரிய சிறப்பாகச் சொல்வார்கள். அது உண்மை, காருக்கு அது பெரிய விஷயமும்கூட. வயலில் ஓடும் டிராக்டருக்கு அவ்வளவு பெரிய விஷயமில்லை என்பது என் எண்ணம். ரோட்டவேட்டர் ஓட்டும்போது, அதைச் சுற்றும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று வர வேண்டுமானால் இன்ஜின் எப்படியும் 1,500 சுற்றை ஒட்டியோ அதற்கு மேலோதான் ஓடுகிறது. அந்த வேகத்தில் டைனமோவும் தன் முழு அளவைக் கொடுத்துவிடுகிறது. கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலை வாசலில் இரவெல்லாம் வரிசையில் நின்று, விளக்கை எரியவிட்டு, அடிக்கடி வண்டியை எடுத்து ஐந்தடி நகர்த்தி நிறுத்துபவருக்குத்தான் குறைந்த வேகத்தில் கிடைக்கும் ஆம்பியரின் அருமை தெரியும். அவருக்கு இரண்டாம் யோசனையே தேவையில்லை, ஆல்டர்னேட்டர்தான்.

மாற்றும் வேலையில் கவனிக்க வேண்டியவற்றை இனி பார்க்கலாம், ஏனெனில் ஆல்டர்னேட்டர் மீது வரும் புகார்களில் பெரும்பாலானவை மாட்டிய விதத்தால் வருபவை. டைனமோ நீளமானது, ஆல்டர்னேட்டர் குட்டையானது. பழைய பிராக்கெட்டில் அதை மாட்ட வேண்டுமானால் நடுவே சரியான நீளத்துக்குக் குழாய்த் துண்டு கடைந்து போட வேண்டும். மூன்று புல்லிகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்பதை நேரான சட்டம் ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். பல டிராக்டர்களில் டைனமோவைச் சுற்றும் அதே பெல்ட்தான் மின்விசிறியையும் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. கோடு விலகினால் பெல்ட் அறுபடும். பெல்ட் அறுந்தால் தண்ணீர் ஓட்டம் நின்று இன்ஜின் கொதிக்கும். விளக்குக்காகச் செய்த மாற்றம் சிலிண்டர் ஹெட்டில் கொண்டுபோய் விட்டுவிடக் கூடாது. பழைய புல்லியின் பள்ளமும் புதிய புல்லியின் பள்ளமும் ஒரே அகலமா என்பதையும் பாருங்கள்.

அடுத்தது ஒயர். டைனமோவுக்கு வந்த பழைய ஒயர் 36 ஆம்பியரைத் தாங்கப் பிறந்ததன்று. ஆல்டர்னேட்டரின் பெரிய முனையிலிருந்து புதிதாக ஒரு தடித்த ஒயரை, செல்ஃப் மோட்டாரில் பேட்டரி கேபிள் வந்து சேரும் போல்ட்டுக்கு நேராகக் கொண்டுபோக வேண்டும். பேட்டரி இறங்கியிருக்கும் நாளில் 30 ஆம்பியர் அளவுள்ள பழைய மீட்டர் வழியாக முழு மின்சாரத்தையும் அனுப்பினால் டேஷ்போர்டுக்குள் மீட்டர் கருகும். அதைக் கழற்றிவிட்டு வோல்ட் மீட்டர் ஒன்றைப் பொருத்துவது பாதுகாப்பானது. டேஷ்போர்டிலுள்ள சிவப்புச் சார்ஜ் விளக்கு, ஆல்டர்னேட்டரில் அலங்காரத்துக்கு இருப்பதன்று; தொடக்கத்தில் காந்தமேற்றும் மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. அந்த இடத்தில் சிறிய சாதாரண பல்பு இருக்க வேண்டும். எல்இடி போட்டால் அதன் வழியே போகும் மின்சாரம் போதாமல், ஆல்டர்னேட்டர் விழிக்காமலேயே இருக்கும்.

எர்த் எந்த முனை என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் இணைக்கக் கூடாது. பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த பழைய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். டைனமோவுக்கு எது எர்த் என்றாலும் ஒன்றுதான். காந்தத்தைத் திருப்பிவைத்தால் ஒத்துப்போகும். இன்றைய ஆல்டர்னேட்டருக்கு மைனஸ்தான் எர்த். மாற்றி இணைத்த நொடியே டயோடுகள் எரிந்துவிடும். டைனமோ காலத்துப் பழக்கம் ஒன்றையும் இதோடு கைவிட வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்காமல் விளக்கு எரிகிறதா என்று பார்த்துச் சார்ஜ் இருப்பதைச் சொல்லும் பழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் சுமை திடீரென்று விலகி வோல்ட் எகிறும். டயோடும் ரெகுலேட்டரும் ஒருசேரப் போகும். கலப்பைக்கோ பம்பருக்கோ வண்டியில் வைத்தே வெல்டிங் அடிப்பதாக இருந்தால், முன்கூட்டியே இன்ஜினை அணைத்துப் பேட்டரியையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றிவிடுவது அவசியம். கழனியில் கரடுமுரடாகக் கையாளப்படும் வண்டியில், இத்தகைய அத்துமீறல்களை டைனமோ பொறுத்துக்கொள்ளும், ஆல்டர்னேட்டர் பொறுக்காது என்பதை மனத்தில் வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

சார்ஜரோடு நிறுத்திக்கொள்ளும் வழி

பகலில் மட்டும் ஓடும் வண்டிக்கு இது வெட்கப்பட வேண்டிய வழியன்று. வாரத்தில் சில மணி நேரம் தோப்பில் களை ஓட்டி, மட்டை இழுத்து, மாலைக்குள் ஷெட்டுக்குத் திரும்பும் வண்டி, விளக்கையே போடுவதில்லை. ஒரு ஸ்டார்ட்டுக்கு அரை ஆம்பியர் மணி என்ற கணக்கில், முழுச் சார்ஜில் உள்ள பேட்டரி சில வாரங்கள் தாங்கும். ஷெட்டில் கரண்ட் இருந்தால் நல்ல தானியங்கிச் சார்ஜர் ஒன்று போதும். கரண்ட் இல்லாத தோப்பில், கூரைமேல் 20 வாட் சோலார் பலகை ஒன்றைச் சிறிய சார்ஜ் கன்ட்ரோலரோடு வைத்தால், நல்ல வெயில் நாளில் நான்கைந்து ஆம்பியர் மணி ஏறும். பத்து ஸ்டார்ட்டுக்கான செலவு அதிலேயே அடங்கிவிடும். பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறங்கிய நிலையிலேயே நாள்கணக்கில் வைத்திருந்தால் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. ஆகவே இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர் வோல்ட் பார்ப்பதை ஒரு ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும். சாலையில் இரவில் ஒருமுறையேனும் போக வேண்டியிருக்கும் வண்டிக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன். வழியில் விளக்கு மங்கிப்போன டிராக்டரும் பின்விளக்கு இல்லாத டிரெய்லரும் எதிரே வருபவருக்கும் பின்னால் வருபவருக்கும் எமன்.

எந்த வண்டிக்கு எது

டைனமோ சோதனையில் வோல்ட் நன்றாக ஏறி, வேலையும் பகல் வேலைதான் என்றால், கட்டவுட்டைச் சுத்தம் செய்து, பெல்ட்டை மாற்றி, அப்படியே ஓட்டுங்கள். கார்பனும் கம்யூட்டேட்டரும் மட்டும் தேய்ந்திருந்தாலும் இதே முடிவுதான். ஆல்டர்னேட்டருக்கு ஆகும் பிராக்கெட், புல்லி, ஒயர், கூலி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், அந்தத் தொகையில் பெரும்பகுதியைப் புதிய பேட்டரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரவு உழவு எப்போதாவது உண்டு, டைனமோவும் நன்றாக இருக்கிறது என்ற நிலையில் இருப்பவருக்கு இன்னொரு யோசனை உண்டு. இதைக் கடைக்காரர்கள் தாமாகச் சொல்வது குறைவு. வருவாயைக் கூட்ட முடியாதபோது செலவைக் குறைக்கலாம். முன்னால் 20 வாட் எல்இடி விளக்கு இரண்டும் பின்னால் 18 வாட் எல்இடி ஒன்றும் போட்டால், பதினொன்றரை ஆம்பியர் செலவு, வால் விளக்குகளையும் சேர்த்து, ஏறக்குறைய ஆறாகக் குறையும். 11 ஆம்பியர் டைனமோவுக்குப் பாதியை ஒட்டிய சுமைதான், மிச்சம் பேட்டரிக்குப் போகும். எதிரே வருபவரின் கண்ணைக் கூசச்செய்யாமல் ஒளி கீழே விழுகிறதா என்பதை மட்டும் பார்த்துப் பொருத்துங்கள். கட்டவுட்டின் வோல்ட் சரியாக இருக்கிறதா என்பதையும் அதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும். வோல்ட் எகிறும் வண்டியில் எல்இடி நீடிக்காது.

வாடகைக்கு இரவு பகல் பாராமல் ஓடுவது, கரும்பு இழுப்பது, டிரெய்லரோடு நெடுஞ்சாலையில் செல்வது, பல விளக்குகளோடு பாட்டுப் பெட்டியும் வைத்திருப்பது ஆகிய வண்டிகளுக்கு, டைனமோ இன்னும் உயிரோடு இருந்தாலும் ஆல்டர்னேட்டரே ஏற்றது. ஆர்மேச்சர் எரிந்து, அதைக் கட்டித்தர நம்பகமான ஆள் கிடைக்காதவருக்கும் அதுவே வழி. மாற்றிய அன்றே, எல்லா விளக்குகளையும் எரியவிட்டு, இன்ஜினை நடுத்தர வேகத்தில் வைத்து, பேட்டரி முனைகளில் வோல்ட்டை அளந்து, 13.8க்குக் குறையாமல் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் முன்னாலேயே பாருங்கள். அரை மணி நேரம் ஓட்டிய பிறகு புதிய ஒயரையும் அதன் இணைப்புகளையும் கையால் தொட்டுப் பார்த்து, எங்காவது சுட்டால் அந்த இணைப்பை அப்போதே மறுபடி அழுத்தச் சொல்லுங்கள். கழற்றிய டைனமோ, கட்டவுட், பழைய குழாய்த் துண்டு, போல்ட் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி வீட்டுக்கு எடுத்துவந்துவிடுங்கள்; அதே பிராக்கெட்டில் ஒரு மணி நேரத்தில் திரும்ப மாட்டக்கூடியவை அவை, அறுவடை நேரத்தில் ஆல்டர்னேட்டர் கைவிட்டு உதிரி வரத் தாமதமானால் வண்டி நிற்காமல் ஓடும்.